மூக்கு கோணல்: உள்ள ஆபரேஷனா, வெளிய ஆபரேஷனா, ரெண்டும் ஒண்ணாவா, இல்ல ஸ்ப்ரேயே போதுமா?

கோணல் எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுக்காம எந்த ஆபரேஷன் நல்லதுன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாதுங்க. எங்கூட்டுலயே பாருங்க, மாமன் பையன் பள்ளிக்கூடத்துல கபடி ஆடறப்ப முழங்கை பட்டு மூக்கு ஒடஞ்சு, அன்னிக்கு யாரும் பெருசா எடுத்துக்காம விட்டு, இப்ப கல்யாண வயசுல வெளிய பாத்தாலே மூக்கு இடது பக்கமா சாஞ்சிருக்கு, மூச்சும் ஒரு பக்கந்தான் போகும். அண்ணன் சம்சாரம், எங்க நங்கைக்கு வெளிய மூக்கு நேரா அழகா இருக்கும், ஆனா ராத்திரி முச்சூடும் வாயிலதான் மூச்சு. ஒரம்பரைக ரெண்டு பேருக்கும் சொன்னது ஒரே யோசனை, "தண்டு வளைஞ்சிருக்குது, ஒரு ஆபரேஷன் பண்ணிப்போட்டா சரியாப் போயிரும்"னு. ஆனா ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணு இல்லீங்க, செலவும் ஒண்ணு இல்ல, படுக்கோணும்கிற நாளும் ஒண்ணு இல்ல.

மூக்குல மேல மூணுல ஒரு பங்குதான் எலும்பு, கீழ ரெண்டு பங்கும் குருத்தெலும்பு. நடுவால ரெண்டு ஓட்டையையும் பிரிச்சு நிக்கிற சுவரு இருக்குதே, அதைத்தான் செப்டம்ங்கறாங்க, நம்ம பக்கம் தண்டுன்னே சொல்றது, அதுல முன்னால குருத்தெலும்பு, பின்னால எலும்பு. இந்தத் தண்டு மனுசங்கள்ல முக்காவாசிப் பேருக்கு கொஞ்சமாச்சும் ஒரு பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும், அதனால ஸ்கேன்ல "டிஎன்எஸ்"னு, அதாவது தண்டு வளைவுன்னு, எழுதி வந்துச்சுன்னு வெசனப்பட ஒண்ணுமில்ல. மூச்சு அடைக்குதா, அடிக்கடி ரத்தம் வருதா, வெளித்தோற்றம் மனச உறுத்துதா, இதுதான் கேள்வி. ஆக உங்களுக்கு கோணல் வெளிய மட்டும் இருக்கலாம், உள்ள மட்டும் இருக்கலாம், ரெண்டுலயும் இருக்கலாம், ரெண்டுலயும் பெருசா இல்லாம வெறும் அலர்ஜி வீக்கமா இருக்கலாம்.

டாக்டர்ட்ட போறதுக்கு முந்தி ஊட்டுலயே கொஞ்சம் பாத்துக்கலாங்க. மொதல்ல செல்ஃபிய நம்பாதீங்க. மொபைல மூஞ்சிக்கு ஒரு அடி தூரத்துல வெச்சு எடுத்தா, அஞ்சு அடி தள்ளி நின்னு எடுக்கறதவிட மூக்கு ஏறக்கொறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு அமெரிக்காவுல 2018ல கணக்குப் போட்டே காட்டியிருக்காங்க, அது போக சில மொபைல்ல செல்ஃபி கண்ணாடி மாதிரி இடம் வலமா மாறி வரும், இடது பக்கம் கோணல்னு நெனச்சுட்டுப் போவீங்க, டாக்டரு வலதும்பாரு. வேற யாரையாச்சும் தள்ளி நின்னு, வெளிச்சம் நேரா மூஞ்சில விழற மாதிரி நேருக்கு நேர் ஒண்ணு, தலைய அண்ணாந்து ஒண்ணு, உக்கார வெச்சு உச்சந்தலைக்கு மேல இருந்து ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. மேல இருந்து எடுத்த போட்டோல கோணல் பொய் சொல்லாது. அப்பறம் ஒரு எவர்சில்வர் தட்டத்த துடைச்சு மூக்குக்குக் கீழ புடிச்சு வாய மூடி மூச்சு விடுங்க, ரெண்டு பக்கமும் ஆவி படியும், ஒரு பக்கம் படியற வட்டம் சின்னதா இருந்தா அந்தப் பக்கம் அடைப்பு. இத காலைல ஒருக்கா பொழுதோட ஒருக்கா பண்ணிப் பாக்கோணும், ஏன்னா மூக்குக்குள்ள இருக்கற சதை சில மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தி மாத்தி வீங்கறது எல்லாருக்கும் இயல்பு. எப்பப் பாத்தாலும் ஒரே பக்கம் அடைச்சா பெரும்பாலும் தண்டு, பக்கம் மாறி மாறி அடைச்சா பெரும்பாலும் அலர்ஜி. இன்னொண்ணு, அடைச்ச பக்கத்துக் கன்னத்த ரெண்டு விரல்ல வெளிப்பக்கமா இழுத்துட்டு மூச்சு இழுங்க, திடீர்னு காத்து நல்லாப் போச்சுன்னா மூக்கு வாசல்கிட்டயே குறுகலா இருக்குதுன்னு அர்த்தம், அதுக்கு வெறும் தண்ட நிமித்தற ஆபரேஷன் பண்ணினா பத்தாது. நெம்பப் பேரு "ஆபரேஷன் பண்ணியும் அதே அடைப்புத்தான்"னு புலம்பறது இந்த எடத்துலதானுங்க.

இப்பத்தான் அடிபட்டிருக்குதுன்னா கதையே வேற, அத மொதல்ல சொல்லிர்றேன். டிவிஎஸ்ல இருந்து விழுந்தது, கிரிக்கெட் பந்து, கன்னுக்குட்டிக்கு குனிஞ்சு தண்ணி காட்டறப்ப அது சடக்குன்னு தலையத் தூக்கி மூக்குல இடிச்சது, எதுவா இருந்தாலும் அன்னிக்கே ஒரு ஈஎன்டி டாக்டர் மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கோணும். எக்ஸ்ரேயவிட அதுதான் முக்கியம். தண்டுக்கும் அதும் மேல போர்த்துன சவ்வுக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கிட்டா குருத்தெலும்புக்கு ஊட்டமே போகாது, அதுக்கு தனியா ரத்தக்குழாய் கிடையாது, சவ்வுல இருந்துதான் ஊட்டம். மூணு நாலு நாள்ல செத்துப் போயி, பின்னால மூக்கு நடுவால குழி விழுந்துரும். ரெண்டு பக்கமும் அடைப்பு ஏறிக்கிட்டே போகுது, வலி கூடுது, காய்ச்சல் வருதுன்னா நடுராத்திரின்னாலும் கெளம்பீருங்க. மூக்குல இருந்து தெளிவா தண்ணி மாதிரி சொட்டிக்கிட்டே இருந்தா அது சளி இல்லாமயும் இருக்கலாம், மூளையச் சுத்தி இருக்கற நீரு கசியறதா இருக்கலாம், அதையும் விடக் கூடாது.

அந்த ரெண்டும் இல்லீன்னா வீக்கம் வடியட்டும்னு மூணுல இருந்து அஞ்சு நாள் விட்டு, பெரியவங்களுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள, குழந்தைகளுக்கு ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள, வெட்டு இல்லாமயே எலும்ப நகர்த்தி நேரா வெச்சுருவாங்க. மரப்பு ஊசியோ மயக்க மருந்தோ குடுத்து சித்த நேரத்துல முடியற வேலை, மேல ஒரு பட்டி, அவ்வளவுதான். எலும்ப நேராக்கற வழிகள்ல செலவு கம்மி இதுதான். அதுக்குன்னு பழைய மூக்கு அச்சாத் திரும்பி வந்துரும்னு எதிர்பாக்காதீங்க, தண்டும் சேந்து ஒடஞ்சிருந்தா கொஞ்சம் கோணல் மிஞ்சறது சகஜம். ஆனா இந்த ரெண்டு வாரத்த விட்டுப்போட்டா எலும்பு கோணலாவே கூடிரும், அப்பறம் பல மாசம் காத்திருந்து பெரிய ஆபரேஷன்தான். எங்க மாமன் பையனுக்கு நடந்தது இதுதான், எலும்பு முறிவுக் கட்டுக்காரர்ட்ட கூட்டிட்டுப் போயி பத்துப் போட்டு அனுப்பீட்டாங்க, உள்ள பாக்க ஆளே இல்ல. கை கால் கட்டு எப்படியோ, மூக்குக்கு அங்க போறது எனக்கு சுத்தமா ஒப்புதல் இல்லீங்க.

பழைய கோணல்ல மொத வழி, ஆபரேஷன் இல்லாம மருந்து. இத ஏளனமா நெனைக்காதீங்க, முக்கியமா நம்ம சீமைல. திருப்பூர் பனியன் கம்பெனிப் பஞ்சு, சோமனூர் பல்லடம் தறிக்குடோன் தூசி, பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லு, நாமக்கல் கோழிப்பண்ணை, இப்படி தூசிலயே பொழைக்கற ஊருக. தண்டு கொஞ்சம் வளைஞ்சவனுக்கு அலர்ஜியும் சேந்தா உள்ள பக்கவாட்டுச் சதை வீங்கி முழுசா அடைக்கும், அடைப்புல பாதி அலர்ஜி, பாதி தண்டு. தண்ட நிமித்தினா அலர்ஜி போகாது, மறுக்கா அதே தறிக்குடோன்ல போயி நின்னா தும்மல் வரத்தான் செய்யும். அதனாலதான் நல்ல டாக்டருக மொதல்ல ஃப்ளூட்டிகாசோன் மொமெட்டாசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேய சில வாரம் விடாம அடிச்சுப் பாக்கச் சொல்றாங்க, கூடவே உப்புத்தண்ணில மூக்கு கழுவறது. அத அடிக்கறதுக்கும் ஒரு முறை இருக்குதுங்க. தலைய அண்ணாக்காம கொஞ்சம் குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை தண்டப் பாக்காம வெளிப்பக்கம் காதப் பாத்து இருக்கோணும், அடிச்சுட்டு உறிஞ்சி இழுக்காம மெதுவா மூச்சு. தண்டு மேலயே அடிச்சு அடிச்சு ரத்தம் வந்து "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல"ன்னு நிறுத்துனவங்க நெறையப் பேரு.

இன்னொரு பக்கம் மெடிக்கல்ல கேட்டதும் குடுக்கற அடைப்பு நீக்கற சொட்டு மருந்து, ஆக்ஸிமெட்டாசோலின் சைலோமெட்டாசோலின் வகை. அது போட்ட நிமிசத்துல தொறக்கும், சொர்க்கமா இருக்கும். ஒரு வாரத்துக்கு மேல போனா மருந்தே அடைப்ப உண்டாக்க ஆரம்பிச்சுரும், அப்பறம் அது இல்லாம தூக்கம் வராதுன்னு ஆயிரும். சட்டப்பைல அந்த பாட்டில வெச்சுக்கிட்டு வருசக்கணக்கா சுத்தறவங்க ஆபரேஷன் பத்தி யோசிக்கறதுக்கு முந்தி அத விட்டுப்போட்டு மூக்கு எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்.

ஸ்ப்ரேயே போதுமா, உள்ள ஆபரேஷன் வேணுமாங்கறதுக்கு இப்ப ஓரளவு தெளிவான பதில் இருக்குது. நெதர்லாந்துல 18 ஆஸ்பத்திரில 203 பேர ரெண்டு கூட்டமாப் பிரிச்சு பாத்து 2019ல வெளியிட்டாங்க, பிரிட்டன்ல 378 பேர வெச்சுப் பாத்தது 2023ல வந்துச்சு. ரெண்டுலயுமே, தண்டு வளைஞ்சு உண்மையாலுமே மூச்சுக்கு சிரமப்படறவங்களுக்கு மருந்தவிட ஆபரேஷன்தான் நல்ல பலன் குடுத்திருக்குது. ஆனா அது அடைப்பு இருந்தவங்களுக்கு நடத்துனது, ஸ்கேன்ல வளைவு தெரியுதுன்னு மட்டும் படுத்துக்கறவங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கொறட்டைக்கோசரம் ஊட்டுக்காரம்மா புடிச்சு அனுப்பி வெச்சு வர்ற அண்ணன்மாருகளுக்கும் ஒரு வார்த்தை, தண்ட நிமித்தினா மட்டும் கொறட்டை நின்னுரும்னு சொல்ல முடியாதுங்க, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி இருந்தா அதுக்குத் தனியா டெஸ்ட் எடுக்கோணும்.

உள்ள பண்ற ஆபரேஷன் செப்டோபிளாஸ்டி. மூக்குக்குள்ளயே கீறி, சவ்வத் தூக்கி, வளைஞ்ச குருத்தெலும்பையும் எலும்பையும் கொஞ்சம் எடுத்து கொஞ்சம் நேராக்கி மறுபடி சவ்வ மூடறது, ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆகும். வெளிய வெட்டு இல்ல, தழும்பு இல்ல, அதே சமயம் வெளித்தோற்றமும் மாறாது, இத எழுதி செவுத்துல ஒட்டி வெச்சுக்கோங்க. அந்தக் காலத்துல தண்டுல பெரும் பகுதிய வெட்டி எடுத்துருவாங்க, அதுல சில பேருக்கு பின்னால மூக்கு நடுவால அமுங்கிப் போச்சு. இப்ப மேலயும் முன்னாலயும் ஒரு சென்டிமீட்டராச்சும் விட்டு வெச்சுட்டுத்தான் நடுவுல கை வெப்பாங்க. எதிர்ப் பக்கம் வீங்கி நிக்கிற சதையையும் சில பேருக்கு கூடவே சுருக்கி விடுவாங்க.

நங்கைக்கு இதுதான் பண்ணுனது. வலின்னு பெருசா ஒண்ணும் சொல்லல, பொம்முனு தலைபாரமும், வாயிலயே மூச்சு விட்டு விட்டு நாக்கு ஒட்டிக்கிட்டதுந்தான் பெரிய கஷ்டம், வாயி நனைய ஒரு சிப்பு தண்ணி, மறுபடி ஒரு சிப்புன்னு ராத்திரி போச்சு. முன்ன மாதிரி மொழக்கணக்குல துணி அடைக்கறது இப்ப கொறஞ்சிருச்சு, உள்ளயே தையல் போட்டு ரெண்டு பக்கமும் மெல்லுசு சிலிக்கான் தகடு வெச்சுடறாங்க, ஒரு வாரத்துல எடுத்தர்றாங்க. தகட எடுத்ததும் காத்து உள்ள போறது சில்லுனு உறைக்கும். அப்பறம் சில வாரம் உப்புத்தண்ணி கழுவி பொருக்கு எடுக்கோணும், மூக்கு சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மோணும். தண்டுல ஓட்டை விழறது, மேல் முன்பல்லு கொஞ்ச நாள் மரத்திருக்கறது, உள்ள சதை ஒட்டிக்கறது, ரத்தக்கசிவு, இதெல்லாம் நடக்கலாம், அதிகம் நடக்காது. ஆபீஸ் வேலைன்னா ஒரு வாரம் பத்து நாள்ல போயிரலாம், மூட்டை தூக்கற வேலை, தறிக்குடோன் வேலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க.

வெளிய பண்றது ரைனோபிளாஸ்டி. இது முழு மயக்கத்துல ரெண்டு மூணு மணி நேர வேலை, சிக்கலான கோணல்னா அதுக்கும் மேல. மூக்கு எலும்ப பக்கவாட்டுல உளி வெச்சு ஒடைச்சு நடுவுக்கு நகர்த்தறது, குருத்தெலும்புல ஒட்டுப் போடறது, நுனியத் திருத்தறதுன்னு நெறைய இருக்குது. ரெண்டு மூக்கு ஓட்டைக்கும் நடுவுல இருக்கற சின்னத் தூண்ல ஒரு கீறல் போட்டு தோலத் தூக்கிப் பண்றது ஒரு முறை, எல்லாத்தையும் உள்ளாறவே பண்றது இன்னொரு முறை. தழும்பு வேணாம்னு உள்ளாறயே பண்ணச் சொல்லி நெறையப் பேரு கேக்கறாங்க, ஆனா நெசமான கோணல் மூக்குக்கு தொறந்து பண்ணா டாக்டருக்கு எல்லாம் கண்ணுக்கு நேராத் தெரியும், அந்த கீறலும் சில மாசத்துல தேடுனாத்தான் தெரியும். என்னக் கேட்டா டாக்டரு கை எதுல பழகியிருக்குதோ அதுல விட்டுருங்க.

ஒரு வாரம் மேல கட்டு, கண்ணச் சுத்தி கன்னிப் போனது தெளிய பத்துல இருந்து பதினாலு நாளு. கண்ணாடி போடறவங்க நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு அத மூக்கு மேல வெக்கக் கூடாது, நெத்தில டேப் போட்டு தொங்க விடோணும், இத முன்னமே யோசிச்சுக்கோங்க. பெரிய வீக்கம் ஒண்ணு ரெண்டு மாசத்துல போனாலும் நுனி வீக்கம் முழுசா வடிய ஒரு வருசம் ஆகும், தோலு தடிமனா இருந்தா இன்னும் கூட. குருத்தெலும்பு பழைய வளைவுக்கே திரும்பப் பாக்கும், அதனால கோணல் மூக்க முழு நேரா ஆக்கித் தர்றேன்னு எழுதிக் குடுக்கற டாக்டர்ட்ட இருந்து எந்திரிச்சு வந்துருங்க. நூத்துக்கு அஞ்சுல இருந்து பதினஞ்சு பேரு வரைக்கும் மறுக்கா திருத்த வேண்டி வரும்னு பொதுவாச் சொல்றாங்க. இன்னொரு சங்கதி, நெறையப் பேருக்கு மூஞ்சியே ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது, ஒரு பக்கம் கன்னம் தாழ்ந்திருக்கும், தாடை ஒதுங்கியிருக்கும். மூக்க அளவு வெச்சு நேரா வெச்சாலும் அந்த மூஞ்சில அது கோணலாத்தான் தெரியும்.

உள்ளயும் வெளியயும் கோணல் இருந்தா ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல முடிக்கறதுதான் செப்டோரைனோபிளாஸ்டி. இங்கதான் நம்ம ஆளுக கணக்குப் போடறாங்க, "இப்ப இன்சூரன்ஸ்ல தண்ட மட்டும் நேர் பண்ணிக்கலாம், அழகு சமாச்சாரத்த கையில காசு வந்தப்ப பாத்துக்கலாம்"னு. கேக்கறதுக்கு கெட்டிக்காரத்தனமாத்தான் தெரியும், எனக்கு இதுல உடன்பாடில்லீங்க. பந்தல் நடுக்காலு சாஞ்சு கெடக்கறப்ப மேல ஓலைய மட்டும் நேரா வெக்க முடியுமா, இல்ல ஓலைய எல்லாம் அப்படியே விட்டுப்போட்டு நடுக்கால மட்டும் நிமித்த முடியுமா? வெளிய சாஞ்ச மூக்குல தண்டு மேல் விளிம்பும் சேந்தே சாஞ்சிருக்கும், உள்ள மட்டும் கை வெச்சா அந்த விளிம்பத் தொடாம விட்டுருவாங்க, மூச்சும் முழுசா சரியாகாது. அதவிட முக்கியம், வெளி மூக்க நேராக்கறதுக்கு ஒட்டுப் போட குருத்தெலும்பு வேணும், அதுக்கு மொத எடம் தண்டுதான். மொத ஆபரேஷன்லயே அத எடுத்துத் தூரப் போட்டுட்டா ரெண்டாவது ஆபரேஷன்ல காதுல இருந்தோ விலா எலும்புல இருந்தோ எடுக்கோணும், நெஞ்சுல ஒரு வெட்டு, கூட ஒரு வலி, அந்த விலாக் குருத்தெலும்பு பின்னால வளையறதும் உண்டு. ஒருக்கா கை வெச்ச சவ்வு தழும்பாகி ஒட்டிக் கெடக்கும், அதப் பிரிக்கறதும் சுலபமில்ல. மாமன் பையனுக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு வருசம் பொறுத்து காசு சேத்தாலும் பரவால்ல மாப்ள, ரெண்டையும் ஒண்ணாப் பண்ணு. வெளிக்கோணல் உனக்கு ஒரு பொருட்டே இல்லைன்னா மட்டும், அதுவும் மூச்சுக்கு இடைஞ்சல் இல்லைன்னு டாக்டர் சொன்னா மட்டும், உள்ள பண்ணிக்கிட்டு விடு.

ஊசில மூக்க நேர் பண்றோம்னு ஒரு வழி இருக்குதே, ஃபில்லர். ஹையலூரானிக் ஆசிட்ங்கற ஜெல்ல குழியா இருக்கற பக்கம் ஏத்தி ரெண்டு பக்கமும் சமமாத் தெரிய வெக்கறது. கோணல் போகாது, மறையும், அதும் ஒரு வருசம் முன்னப் பின்ன கரைஞ்சு போகும், மூச்சுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. கால்மணி நேரத்துல முடிஞ்சர்றதால கல்யாண மேக்கப் பேக்கேஜோட சேத்து விக்கற எடமும் இருக்குது, மாமன் பையனுக்கே ஒரு எடத்துல மூஞ்சியக்கூட சரியாத் தொட்டுப் பாக்காம இதத்தான் சொன்னாங்க. மூக்கும் அதச் சுத்தியும் ஊசி போடறதுல இருக்கற அபாயம் சின்னதில்ல. ஊசி ரத்தக்குழாய்க்குள்ள போயிருச்சுன்னா தோலு கருகிரும், அரிதா கண் பார்வையே போயிருக்குது. மூச்சுக்கு ஒரு கோளாறும் இல்லாம வெளிய லேசா ஒரு பள்ளம் மட்டும் இருக்கறவங்க, அந்த மருந்தக் கரைக்கற ஹையலூரானிடேஸ கையில வெச்சிருக்கற டாக்டர்ட்ட போயி யோசிக்கலாம், மத்தவங்களுக்கு வேண்டாங்க. ஆன்லைன்ல விக்கற மூக்கு கிளிப்பு வாங்கற காசுக்கு நாலு எளநி குடிங்க. பச்சக் குழந்தைக்கு மூக்க நீவி நீவி நேராக்கறதும் அதே கணக்குத்தான், அமுச்சிமாரு கோவிச்சுக்குவாங்க, ஆனாலும் சொல்றேன், நீவறதோட நிறுத்தாம மூக்குல எண்ணெய ஊத்துனா அது நுரையீரலுக்குப் போயி நிமோனியா வரலாம்.

காசு விசயத்துக்கு வருவோம். இன்சூரன்ஸ் பாலிசில அழகுக்குப் பண்ற ஆபரேஷனுக்கு பணம் வராது, விபத்துல செதைஞ்சத சரி பண்றதுக்கு வரும். அதனால அடிபட்ட அன்னிக்கு காமிச்ச சீட்டு, ஆக்சிடன்ட் ரிஜிஸ்டர் காப்பி, பழைய போட்டோ எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கோங்க. தண்டு வளைவுக்கு நெறைய பாலிசில ரெண்டு வருசம் காத்திருப்பு போட்டிருக்காங்க, ஆபரேஷன்னு முடிவு பண்ணிட்டு போன மாசம் பாலிசி எடுத்துப் பிரயோசனமில்ல. ஜிஎஸ்டிலயும் அதே பிரிவினை, வைத்தியத்துக்கு வரி இல்ல, வெறும் அழகு ஆபரேஷனுக்கு வரி உண்டு, பொறவிக் கோளாறோ காயமோ காரணம்னா அதுக்கும் விலக்கு உண்டு, பில்லு போடறப்ப கேளுங்க. ஈஎஸ்ஐ பிடிக்கற கம்பெனில வேலை செய்யறவங்க சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில ஈஎன்டிக்குக் காமிச்சுட்டு அப்பறம் பிரைவேட் பத்தி யோசிங்க. கோயமுத்தூர் ஜிஹெச், சேலம் ஜிஹெச், பெருந்துறை, 2022ல வந்த திருப்பூர் நாமக்கல் மெடிக்கல் காலேஜுக, எல்லாத்துலயும் ஈஎன்டி இருக்குது, தண்டு ஆபரேஷன் அவங்களுக்கு அன்றாட வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அங்கயே கவுன்டர்ல கேட்டு எழுதி வாங்கிட்டு அட்மிஷன் போடுங்க. வெளிக்கோணலுக்கு ஆளுக கம்மி, ரைனோபிளாஸ்டி வழக்கமாப் பண்ற ஈஎன்டியோ பிளாஸ்டிக் சர்ஜனோதான் வேணும், கோயமுத்தூர் பக்கம் போனாத்தான் நாலு பேரப் பாத்து ஒப்பிட முடியும். பிரைவேட்ல ஒரு தொகை சொன்னா அதுல மயக்க டாக்டர், தியேட்டர், தகடு, பின்னால பாக்கற செலவு, மறுக்கா திருத்தோணும்னா அதுக்கு என்னன்னு எல்லாம் சேந்திருக்குதான்னு கேளுங்க, இல்லீன்னா ரெண்டு ஆஸ்பத்திரித் தொகைய ஒப்பிடறதுல அர்த்தமில்ல.

மூக்கு ஆபரேஷனா, அது சினிமாக்காரங்க வேலையாச்சேன்னு ஒரம்பரை சிரிச்சா, திப்பு காலத்துச் சண்டைல மூக்கறுபட்ட ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு பூனாவுல நெத்தித் தோல எடுத்து மூக்கு வெச்சத 1794லயே லண்டன் பத்திரிகைல படத்தோட போட்டு, அதப் பாத்துத்தான் வெள்ளைக்காரங்க கத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க.

நாளு பாக்கறது நம்ம ஊர்ல பெரிய விசயம். ஆடில சும்மாத்தான இருக்கறோம், பண்ணிக்கிட்டு ஆவணில கல்யாணம்னு போடாதீங்க, வெளி ஆபரேஷன்னா போட்டோல வீக்கம் தெரியும். ஆடில பண்ணா தை முகூர்த்தம் சரியா இருக்கும். உள்ள ஆபரேஷனுக்கு இந்தக் கவலை இல்ல, ஒரு மாச இடைவெளி தாராளம். வயசுன்னு பாத்தா பொண்ணுகளுக்கு பதினஞ்சு பதினாறு, பசங்களுக்கு பதினேழு பதினெட்டு தாண்டி மூஞ்சி வளர்ச்சி நின்னப்பறம் வெளி ஆபரேஷன் பண்றதுதான் வழக்கம், மூச்சே முட்டற குழந்தைகளுக்கு டாக்டர் தனியா முடிவு பண்ணுவாரு. பீடி சிகரெட்ட முன்னயும் பின்னயும் சில வாரம் விடோணும், காயம் ஆறாது. ரத்தத்த இளக்கற ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, நீங்களா சாப்பிடற பூண்டு மாத்திரை லேகியம் எல்லாத்தையும் டாக்டர்ட்ட சொல்லிருங்க, ரெண்டு வாரம் முன்னாலயே எத நிறுத்தோணும்னு அவரு சொல்லுவாரு, இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடறவங்க நீங்களா நிறுத்தவே கூடாது. மூக்குத்தி போட்டிருந்தா கழட்டோணும், வருசக்கணக்கா திருகாணி சுத்தாம எறுகிக் கெடக்கும், ஆபரேஷன் டேபிள்ல போயி அதோட மல்லுக்கட்டாம முந்தின வாரமே ஆசாரிகிட்ட போயி கழட்டி வாங்கிக்கோங்க.

டாக்டர்ட்ட போறப்ப கேக்க வேண்டியது இதுகதான்: என் கோணல் எலும்புலயா, குருத்தெலும்புலயா, தண்டுலயா, மூக்கு வாசல் குறுகலா இருக்குதா, அலர்ஜி எவ்வளவு பங்கு, நீங்க பண்ணுன கோணல் மூக்குல ஒரு வருசம் கழிச்சு எடுத்த போட்டோ காமிப்பீங்களா, நான் ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும். கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் ஆகாதுங்க, உங்களுக்குத் தொந்தரவு இல்லீன்னா அப்படியே இருக்கலாம்"னு ஒரு டாக்டர் சொன்னாருன்னா, அவர்ட்டயே மத்த ஆலோசனையும் கேக்கலாம்.